மகரக்கட்டு உடையாத சிறுவன்

ஒரு கார்ட்டூன் தொடரில் சிறுவன்தான் கதாநாயகன். அவனுக்குக் குரல் கொடுக்க நிஜமான சிறுவன் ஒருவனையே அழைத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் நன்றாகப் போகும். இரண்டாம் வருடமும் போகும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு நாள் பையன் மைக் முன்னால் வந்து வாயைத் திறப்பான். உள்ளேயிருந்து அவனுடைய மாமா பேசுவார். இதற்கு நம் நாடகக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் மகரக்கட்டு. கணீரென்று பாடிக்கொண்டிருந்த எத்தனையோ ‘பாய்ஸ் கம்பெனி’ நட்சத்திரங்களை ஒரே பருவத்தில் மேடையிலிருந்து இறக்கிய சங்கதி அது. படத்தில் வரைந்த சிறுவனுக்கோ வயதே ஆகாது. முப்பது வருடம் ஓடினாலும் அவன் அரைக்கால்சட்டையில்தான் இருப்பான்.

ஜப்பானியர்கள் இதற்கு எளிய தீர்வு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: மகரக்கட்டே வராத ஆளைச் சிறுவனாக்கிவிடு. அதாவது, ஒரு பெண்ணை.

இந்தத் தீர்வு பிறந்தது அவசரத்தில். ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1953இல் தொடங்கியது. சொந்தமாக நிகழ்ச்சிகள் தயாரிக்கக் கையில் காசில்லை. பெரிய சினிமா கம்பெனிகள் இந்தப் புதுப் பெட்டியைப் போட்டியாளனாகப் பார்த்தன. படங்களைத் தரவும் மறுத்தன, நட்சத்திரங்களை அனுப்பவும் மறுத்தன. ஆகவே அமெரிக்கத் தொடர்களை வாங்கி, மேடை நடிகர்களை வைத்து டப்பிங் செய்தார்கள். அந்த டப்பிங் அப்போது நேரலை! படம் ஓட ஓட, நடிகர்கள் அதைப் பார்த்துக்கொண்டே பேச, அது அப்படியே நாட்டுக்குப் போய்ச் சேரும். தடுக்கினால் தடுக்கியதுதான். குழந்தைகளை நம்பி இதில் இறங்க முடியாது. நம்பினாலும் இரவு நேரத்தில் குழந்தைகளை வேலை வாங்கச் சட்டம் விடாது. அப்படி ஒரு சிறுவன் வேடத்துக்கு நடந்த தேர்வில்தான் மசாகோ நொசாவா என்ற இளம் நாடக நடிகை தேறினார். அவரே பேட்டிகளில் சொல்லிவரும் கதை இது.

நொசாவா பிறந்தது 1936 அக்டோபர் 25, டோக்கியோவில். 1968இல் ‘கெகெகே நோ கிதாரோ’ என்ற பேய்க்கதைத் தொடரில் ஒற்றைக்கண் சிறுவன் கிதாரோவாகப் பேசினார். 1973இல் வந்த முதல் டோரேமான் தொடரில் பாதியிலிருந்து டோரேமானும் அவர்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்த டோரேமான் 1979இல் புதிதாகத் தொடங்கிய தொடரின் வழியில் வந்தவர், இவர் அதற்கும் முந்தையவர். 1978இல் விண்வெளி ரயிலில் ஏறும் தெத்சுரோ. 1986 பிப்ரவரி 26 அன்று ‘டிராகன் பால்’ தொடங்கியபோது, வால் முளைத்த காட்டுச் சிறுவன் கோக்கூ. அந்த வேலையை அவர் இன்னும் விடவில்லை.

ஐம்பது வயதுப் பெண்ணின் தொண்டையிலிருந்து பத்து வயதுப் பையன் எப்படி வருகிறான்? நாகஸ்வரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சீவாளி இல்லாவிட்டால் அந்த நீண்ட குழல் வெறும் மரம். குழல் இல்லாவிட்டால் சீவாளி வெறும் ‘பீ’. நம் கழுத்திலும் இதே ஏற்பாடுதான். குரல்வளைக்குள் இரண்டு மெல்லிய தசை மடிப்புகள் எதிரெதிரே இருக்கின்றன. இவைதான் குரல் நாண்கள், நம் சீவாளி. வளர்ந்த பெண்ணுக்கு இவற்றின் நீளம் ஒரு செ.மீ.யிலிருந்து ஒன்றரை செ.மீ.; ஒரு புளியங்கொட்டை அளவு. நுரையீரலின் காற்று மோதும்போது இவை நொடிக்குச் சுமார் 200 தடவை திறந்து மூடுகின்றன. வீட்டு ஈ சிறகடிக்கும் வேகமும் கிட்டத்தட்ட அதேதான். ஆணின் நாண்கள் நீளமும் தடிப்புமானவை, ஆகவே 120 தடவைதான். குழந்தைக்கு 250 முதல் 300.

இனிக் குழல். குரல் நாண்களிலிருந்து உதடு வரைக்கும் உள்ள வளைந்த பாதைதான் அது. ஆணுக்குச் சுமார் 17 செ.மீ., பெண்ணுக்கு 14, 15. ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு 12ஐ ஒட்டி. நாண்கள் எழுப்பும் சத்தத்தில் எந்தெந்தப் பகுதியைக் குழல் தூக்கிக் கொடுக்கிறது என்பதை வைத்துத்தான், பேசுகிற ஆள் பெரியவரா சின்னவரா என்று நம் காது முடிவு கட்டுகிறது. குழல் இப்படிச் சில அதிர்வுகளை மட்டும் தூக்கிவிடுவதற்குப் பெயர் ஒத்ததிர்வு. குட்டையான திமிரி நாகஸ்வரம் கீச்சென்றும் நீண்ட பாரி நாகஸ்வரம் கம்பீரமாகவும் ஒலிப்பதை நினைத்தால் இது புரியும்.

நாகஸ்வரக்காரர் குழலின் நீளத்தை வாசிக்கும்போதே மாற்ற முடியாது. நாம் மாற்றலாம்! விரலைத் தொண்டை மேட்டில் மெல்ல வைத்துக்கொண்டு ‘ஈ’ என்று சொல்லிப் பாருங்கள், பிறகு ‘ஊ’. முதலாவதில் குரல்வளை மேலே ஏறும், உதடுகள் பின்னுக்கு இழுபடும். குழல் இரு பக்கமும் குட்டையாகிறது. இரண்டாவதில் குரல்வளை இறங்கும், உதடு குவிந்து நீளும். சிரித்த முகத்தோடு பேசுகிறவரைத் தொலைபேசியிலேயே கண்டுபிடித்துவிடுகிறோமே, அதற்கும் இந்தச் சில மில்லிமீட்டர்கள்தான் காரணம். குரல் நடிகர் ஒருவர் சிறுவனிலிருந்து கிழவனுக்குத் தாவும்போது கழுத்துக்குள் ஒரு லிஃப்ட் ஏறி இறங்குகிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மகரக்கட்டுக்கு முன்னால் பையனுக்கும் பெண்ணுக்கும் குரலின் உயரத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. ஆகவே பையனாகப் பேசுவது என்றால் குரலை மேலே தூக்குவது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அதிகம் தூக்கினால் சின்னப் பெண்தான் வருவாள். பையன் வேறு இடத்தில் இருக்கிறான்: மூச்சைத் தள்ளுகிற முரட்டுத்தனம், சொல்லை முடிக்காமல் வெட்டுவது, மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசுகிற அலட்சியம். நொசாவாவின் குரலில் இயல்பாகவே கொஞ்சம் மணல் கலந்திருக்கிறது. முழங்காலில் எப்போதும் ஒரு சிராய்ப்போடு திரிகிற பையனின் குரல் அது.

தொண்டை தயார். இனிப் படத்தோடு பேச வேண்டும். 1963 புத்தாண்டு அன்று ஒசாமு தெசுகாவின் ‘ஆட்டம்’ ஒளிபரப்பாகத் தொடங்கியது. உலகம் ‘அஸ்ட்ரோ பாய்’ என்று அறிந்த தொடர். (அந்த இயந்திரச் சிறுவனுக்கும் பேசியவர் ஒரு பெண்தான், மாரி ஷிமிசு.) வாரம் ஒரு அத்தியாயம் வரைந்து தள்ள வேண்டும். திரையில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். அத்தனைக்கும் படம் வரைந்தால் வீடு போய்ச் சேர முடியாது. ஒரே படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி, நொடிக்கு எட்டுப் படங்களில் வேலையை முடித்தார்கள். பேசும் காட்சியில் இன்னும் சிக்கனம்: முகம் அசையாது, வாய் மட்டும்தான். அந்த வாய்க்கும் மூன்றே படங்கள். மூடியது, பாதி திறந்தது, முழுதாகத் திறந்தது. அவற்றை மாற்றி மாற்றி வைத்தால் பேச்சு. வாய் ‘பாகு பாகு’ என்று அடித்துக்கொள்வதால் இதற்கு ‘குச்சிபாகு’ என்றே பெயர். குச்சி என்றால் வாய்.

மூன்று வாய்களை வைத்துக்கொண்டு ஒரு மொழியைப் பேசிவிட முடியுமா? ஜப்பானிய மொழி இதற்கு வசதியாக அமைந்திருக்கிறது. அதில் அநேகமாக ஒவ்வொரு அசையும் உயிரில்தான் முடியும். வாய் சீராகத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். உயிர் ஐந்துதான்: அ, இ, உ, எ, ஒ. வரிசை எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதா? நம் குறில் ஐந்தும் அதே வரிசையில்தான் நிற்கின்றன. இது தற்செயல் இல்லை. பௌத்தத் துறவிகள் வழியாகச் சமஸ்கிருத எழுத்துமுறையின் ஒழுங்கு ஜப்பான் போய்ச் சேர்ந்ததன் தடம். டோக்கியோவின் பிள்ளைகள் இன்றும் அந்த வரிசையில்தான் எழுத்துக் கற்கிறார்கள்.

சரி, ஸ்டுடியோவுக்குள் போவோம். ஜப்பானியர்கள் இந்தப் பதிவை ‘ஆஃப்ரெகோ’ என்பார்கள். படத்துக்குப் ‘பிறகு’ பதிவது என்று பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களை நறுக்கி ஒட்டியது. பெயர்தான் அப்படி, பெரும்பாலும் படம் முடிந்திருக்காது. பென்சில் கோடுகள் ஓடும். சில சமயம் அதுவும் இல்லாமல், பேச வேண்டிய பாத்திரத்தின் பெயர் மட்டும் திரையில் தோன்றும். பெயர் இருக்கும் வரை பேசலாம். பெயர் மறைந்தால் வாய் மூடியாயிற்று என்று அர்த்தம். கோபமா, அழுகையா, எதிரே நிற்பவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதையெல்லாம் நடிகர்தான் வரைந்துகொள்ள வேண்டும்.

திரைக்கு முன்னால் மூன்று அல்லது நான்கு மைக்குகள் வரிசையாக நிற்கும். சுவரோரம் பத்துப் பதினைந்து நடிகர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எந்த மைக்கும் யாருக்கும் சொந்தமில்லை. தன் வசனம் வருமுன் ஒருவர் எழுந்து, காலடி கேட்காமல் நடந்து, காலியாகப் போகிற மைக் எது என்று கணித்து அதன் பின்னால் நிற்பார். முன்னால் நிற்பவர் கடைசிச் சொல்லை முடித்து ஒரு பக்கம் நழுவ, இவர் மறுபக்கமாக உள்ளே வருவார். திரையில் பத்துப் பேர் சண்டை போடும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நடப்பது சத்தமில்லாத ஒரு கும்மி. சரசரக்கும் சேலை மாதிரித் துணிக்கு அங்கே இடமில்லை. வளையல் கூடாது. வசனத்தாள் தைத்த புத்தகமாக இருக்கும். அதைக் கண் மட்டத்தில் பிடித்து, திரையில் ஒரு பார்வை, தாளில் ஒரு பார்வை. அடுத்த பக்கத்தின் மூலையை இரண்டு விரலால் முன்கூட்டியே தூக்கி வைத்துக்கொண்டு, மைக்குக்கு விலக்கி, காகிதம் காற்றைக்கூட அசைக்காதபடி புரட்டுவார்கள். புதிதாக வருகிறவருக்கு நடிப்புக்கு முன்னால் பழக வேண்டிய வித்தை இது. பெரிய எதிரி பசி. வயிறு ஒருமுறை இரைந்தால் மைக் விடாது, எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. (2020இன் கொரோனாவுக்குப் பிறகு சிறு சிறு குழுவாகப் பிரித்துப் பதியும் பழக்கம் வந்தது, கும்மி கொஞ்சம் குறைந்துவிட்டது.)

இப்போது நொசாவா செய்கிற ஒரு காரியத்துக்கு வருகிறேன். 1989இல் ‘டிராகன் பால் ஸீ’ தொடங்கியபோது கோக்கூ வளர்ந்து பெரிய ஆளாகியிருந்தான்; கையில் நான்கு வயது மகன் கோஹான். பல நாடுகளில் பெரிய கோக்கூவுக்கு ஆண் குரலை வைத்தார்கள். ஜப்பானில் அதே நொசாவா. மகனுக்கும் நொசாவா. அடுத்த மகன் கோத்தென் பிறந்தான், அவனுக்கும். கோக்கூவின் அப்பா பார்டாக்குக்கும். அப்பனும் பிள்ளையும் பேசிக்கொள்ளும் காட்சியில் அவர் தனித்தனியாகப் பதிவதில்லை. ஒரே மைக் முன்னால் நின்று, இடைவெளி விடாமல், கேள்வியை ஒரு குரலிலும் பதிலை இன்னொரு குரலிலும் சொல்லிக்கொண்டு போவார். இருவரும் ஒரே நேரத்தில் கத்த வேண்டிய இடத்தில் மட்டும் இயற்கை ஒத்துழைப்பதில்லை. இரண்டு முறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தாக வேண்டும்.

இந்தக் குரல்களை வேறுபடுத்துவதில் மொழியும் அவருக்குக் கைகொடுக்கிறது. நமக்கு யாராக இருந்தாலும் ‘நான்’தான். ஜப்பானிய மொழியில் ‘நான்’ பல. காட்டில் வளர்ந்த கோக்கூ தன்னை ‘ஓரா’ என்பான், அசல் பட்டிக்காட்டு வழக்கு. அம்மா பாடப்புத்தகமும் கையுமாக வளர்த்த கோஹான் ‘போக்கு’ என்பான், நல்ல பிள்ளைச் சொல். போர்வீரன் பார்டாக் ‘ஓரே’ என்பான், மார்பை நிமிர்த்திய சொல். அந்த முதல் சொல்லை உச்சரிக்கும்போதே தோளும் முதுகும் மூச்சும் தானாக மாறிவிடும். சொல்லப்போனால், கதையை முன்கூட்டிப் படித்துவிட்டு வருவதில்லை என்றும் நொசாவா சொல்லியிருக்கிறார். அடுத்து என்ன நடக்கும் என்பது கோக்கூவுக்குத் தெரியாதே!

கத்தலைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொடரைப் பற்றிப் பேச முடியாது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை ஏழு செ.மீ. ஆழத்துக்கு இறக்கிக் குமிழி வரும்படி ஊதுங்கள். சாதாரணமாகப் பேசும்போது குரல் நாண்களுக்குக் கீழே இருக்கும் காற்றழுத்தம் அவ்வளவுதான். கத்தும்போது அது பல மடங்காகிறது. நொடிக்கு 400 தடவை என்று வைத்தாலும், பத்து நொடிக் கூச்சலில் அந்தப் புளியங்கொட்டை நீளத் தசைகள் 4,000 முறை ஒன்றையொன்று அறைந்துகொள்கின்றன. கோக்கூ ‘காமேஹாமேஹா’ என்று ஒளியைப் பாய்ச்சும் கூச்சல் பத்து நொடியில் சாதாரணமாக முடிவதும் இல்லை. மூல சித்திரக்கதையைத் தொடர் துரத்திப் பிடித்துவிடும் அபாயம் எப்போதும் இருந்ததால், காட்சிகளை இழுத்தடித்தார்கள். ‘இந்தக் கிரகம் வெடிக்க ஐந்தே நிமிடம்’ என்று வில்லன் ஃப்ரீஸா சொன்ன அந்த ஐந்து நிமிடம் ஒளிபரப்பில் பல வாரங்கள் ஓடியது. அத்தனை வாரமும் யாரோ கத்திக்கொண்டே இருக்க வேண்டுமல்லவா?

அதுவாவது கதை. வீடியோ கேமுக்குப் பேசுவது வேறு தினுசு. எதிரே நடிகர் இல்லை, பெரும்பாலும் படமும் இல்லை. அடிபட்டால் ஒரு ‘ஹக்’, பலமாக அடிபட்டால் இன்னொன்று, விழுந்தால், எழுந்தால், குதித்தால் என்று வரிசையாக ஒரு தனியறையில் முனக வேண்டும். 2017இல் கின்னஸ் நிறுவனம் நொசாவாவுக்குச் சான்றிதழ் கொடுத்தது இதற்குத்தான்: ஒரே பாத்திரத்துக்கு கேம்களில் 23 ஆண்டுகள் 218 நாட்கள் குரல் கொடுத்த சாதனை.

கத்துகிறவர்களுக்கு நடுவில் ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசுவார். அவர் கதைசொல்லி. டிராகன் பாலில் அது ஜோஜி யானாமி, 2021இல் மறைந்தவர். கதைசொல்லிக்கு வாயசைவுத் தொல்லை கிடையாது. அதற்குப் பதில் கடிகாரத் தொல்லை. இந்த நொடியில் தொடங்கி, இசை ஏறுமுன் அந்த நொடியில் முடிக்க வேண்டும். செய்தி வாசிப்புக்கு நிமிடத்துக்குச் சுமார் 300 எழுத்து என்பது ஜப்பானில் நெடுநாள் அளவுகோல். கதைசொல்லி அதை இழுப்பார், இறுக்குவார், திடீரென்று சும்மா இருப்பார். அந்தச் சும்மாவுக்கு ‘மா’ என்று பெயர். அதை எழுதும் எழுத்தைப் பார்த்தால், இரட்டைக் கதவுக்கு நடுவே சூரியன் தெரியும். யானாமிக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. கோக்கூவின் குருவான காயோ என்ற கோமாளித் தெய்வத்துக்கும் அவரே குரல். உலகம் அழியப்போகிறது என்று கனமான குரலில் அறிவித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் அசட்டுச் சிலேடை சொல்லிக் கெக்கலிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் கூலி? ‘செய்யூ’ எனப்படும் குரல் நடிகர்களுக்கு அங்கே சங்கம் வகுத்த தரவரிசை உண்டு. அடிமட்டத் தரத்துக்கு அரைமணி அத்தியாயம் ஒன்றுக்கு 15,000 யென். இதில் வேடிக்கை, முந்நூறு வரி பேசினாலும் ஒரு வரி பேசினாலும் தொகை மாறாது. வேடமில்லாத இளையவர்கள் சந்தைக் கூட்டமாகவும் வகுப்பறை இரைச்சலாகவும் முணுமுணுத்து நிற்பார்கள். அதற்கு ‘காயா’ என்று பெயர். மறுஒளிபரப்புக்குப் பணமே இல்லாத காலமும் இருந்தது. 1973இல் குரல் நடிகர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் சம்பளக் கதை மாறத் தொடங்கியது.

கடைசியாக, வயது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணின் குரல் நாண்கள் கொஞ்சம் தடிக்கின்றன, குரல் இறங்குகிறது. ஆணுக்கு நேர்மாறாக, நாண்கள் மெலிந்து குரல் சற்று ஏறும். கிழவியும் கிழவனும் தொலைபேசியில் குழப்புவதற்கு இதுதான் காரணம். மார்புக்கூடும் விறைத்து, ஒரே மூச்சில் இழுக்கும் நேரம் குறையும். 52 வயதில் நொசாவா பேசிய ‘ஸீ’ வசனங்களை 2009இல் ‘காய்’ என்ற புதுப் பதிப்புக்காக மறுபடி பதிந்தார்கள். அதே வரிகள், அதே கூச்சல்கள், இப்போது வயது 72. 2024 அக்டோபரில் ‘டிராகன் பால் டைமா’ வந்தது. அதன் கதைப்படி ஒரு சூழ்ச்சியால் கோக்கூ மறுபடி சிறு பையனாகிவிடுகிறான். தொடர் தொடங்கி இரண்டு வாரத்தில் நொசாவாவுக்கு 88 முடிந்தது.

1968இன் கிதாரோவுக்கு ஓர் அப்பா உண்டு. உடம்பெல்லாம் அழிந்து, எஞ்சிய ஒற்றைக் கண்விழிக்குக் கைகால் முளைத்த அப்பா. தேநீர்க் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கிறவர். அந்தக் கண்விழிக்குக் கீச்சுக்குரல் கொடுத்தவர் இசாமு தனோனகா. சிறுவனாக நொசாவாவும் அப்பாவாக அவரும் ஒரே ஸ்டுடியோவில் பேசினார்கள். பிறகு வந்த பதிப்புகளில் கிதாரோக்கள் மாறினார்கள், கண்விழி அப்பா மட்டும் மாறவில்லை, 2010இல் தனோனகா இறக்கும்வரை. 2018இல் கிதாரோ புதுத் தொடராக வந்தபோது, சிறுவனாக மைக் முன் நின்றவர் மியூகி சவாஷிரோ. 1985இல் பிறந்த பெண். கிண்ணத்துக்குள் உட்கார்ந்து அவரை ‘ஓய் கிதாரோ’ என்று அழைத்த கண்விழி, 81 வயது மசாகோ நொசாவா.